பன்னிரண்டாவது பலூன்

தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருந்தாலும் வலது கையால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் இந்தக் கை விழுந்தபோது, "சலூனை மூடிடுங்க அண்ணே, யாரு கழுத்தையாவது அறுத்துடப் போறீங்க" என்றாய். அதன்பிறகு ஆறு மாதமாக நாம் பேசவில்லை. அது கிடக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுப்பவர் பந்தைப் பிசையச் சொன்னார். நானோ, தொழில் பழகிய நாளில் செய்ததுபோல, பலூனில் நுரை தடவிச் சவரம் செய்தேன். பதினொன்று வெடித்தன. பன்னிரண்டாவது முழுசாக நின்றது.

நேற்று அவரே நாற்காலியில் உட்கார்ந்து, "கழுத்தையும் எடுத்துடுங்க" என்றார். ஒரு கீறல் இல்லை.

நீ இன்னும் வேறு யாரிடமும் முகத்தைக் கொடுக்கவில்லையாம், தாடி மார்பைத் தொடுகிறதாம். உன் மனைவி சொன்னாள்.

ஞாயிறு காலை முதல் ஆளாக வா. கழுத்துக்கு நான் பொறுப்பு.

உன் அண்ணன்