மாட்டேன் என்று ஒரு கடிதம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து நாலு போனுக்கு டிஸ்ப்ளே மாற்றினேன். ஐந்தாவது போன் தண்ணீரில் விழுந்தது. கொண்டுவந்தவர், "தண்ணி படவே இல்லைங்க" என்று சத்தியம் பண்ணுகிறார். திறந்தால் உள்ளே சொட்டுகிறது. அப்போ போனுக்கு வியர்த்திருக்கும் சார் என்றேன். முன்னறையில் ஒரு மேஜையும் ஒரு போர்டும் போட்டுக் கடை நடத்தினால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தங்கச்சிக்கு வேலை உறுதியாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனைக் கூடம், இங்கிருந்து ரயிலில் ஒன்பது மணி நேரம். ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கடிதத்தைக் காட்டிவிட்டு மடித்து உள்ளே வைத்துவிட்டாள். "பாத்துக்கலாம்கா" என்றாள். அவளுடைய பாத்துக்கலாம் எனக்குத் தெரியாதா? இதற்கு முன்னால் இரண்டு வேலையை இப்படித்தான் பார்த்துக்கொண்டாள்.

என்னைக் காலையில் கட்டிலிலிருந்து தூக்கி வீல்சேரில் வைப்பது, கழுவி விடுவது, குளிக்க வைப்பது, ராத்திரி திரும்பப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். மாடிப்படியில் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்காது. போன வருஷம் வரை கையை ஊன்றி நானே நாற்காலிக்கு மாறிவிடுவேன். வலது தோள்பட்டைத் தசை கிழிந்ததும் அதுவும் போச்சு. மேஜையில் கையை ஊன்றி வேலை செய்யலாம், உடம்பைத் தூக்க முடியாது. அம்மாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அரசாங்கத்தில் உதவியாளர் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு ஆள் வருவார், சம்பளம் அவர்கள் கொடுப்பார்கள். ஜனவரியில் விண்ணப்பித்தேன். நாளை மறுநாள் வந்து என்னை மதிப்பிடப் போகிறார்களாம். இந்த முறை அவள் போயே ஆகணும். எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

வந்தார்கள், போனார்கள். நன்றாகத்தான் நடந்தது.

அம்மா நேற்றிலிருந்து ஒரே துடைப்பு. கமோடு நாற்காலியை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டாள். நான் பிடித்துத் திரும்புகிற கட்டில் கயிற்றை அவிழ்த்தாள். ரப்பர் விரிப்பைச் சுருட்டி அலமாரியில் போட்டாள். "நாலு பேர் வர்ற இடம், முகம் சுளிக்கிற மாதிரி இருக்கலாமா?" வருவது ஒருத்தர்தான் அம்மா என்றேன். ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, முகத்துக்குப் பவுடர்.

வந்த அலுவலருக்கு என் வயதுதான் இருக்கும். கையில் பச்சைக் கோப்பு. படுக்கையிலிருந்து எழ முடியுமா என்று கேட்டார். சமாளிச்சுக்குவேன். குளியல்? சமாளிச்சுக்கறோம். கழிப்பறை? அதுவும் ஒரு மாதிரி சமாளிச்சுக்கறோம். அம்மா நடுவில் வந்து, "என் பொண்ணு யார் கையையும் எதிர்பார்க்க மாட்டா, கடையே நடத்துறா" என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். போகும்போது அவருடைய போனில் சார்ஜ் ஏறவில்லை என்றார். ஊசியால் தூசியை எடுத்து இரண்டே நிமிஷத்தில் சரி செய்து கொடுத்தேன். "அட!" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

ராத்திரி மழை. கமோடு நாற்காலி மாடியில் ஊறிப்போய் நிற்கிறது. தங்கச்சி திட்டிக்கொண்டே இறக்கினாள்.

மார்ச் 24, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது.

"விண்ணப்பதாரர் அன்றாடத் தேவைகளைத் தாமே சமாளித்துக்கொள்கிறார். எஞ்சிய உதவியைக் குடும்பத்தினர் அளித்து வருகின்றனர். உதவியாளர் நேரம்: இல்லை."

இல்லையாம். இல்லவே இல்லையாம்! யாருடி சமாளிக்கிறது? நானா? காலையில அவ இல்லேன்னா நான் படுத்த இடத்துலேயே கிடப்பேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். பவுடர் வேற போட்டுக்கிட்டேன், பவுடர்!

தங்கச்சி படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி மாதிரி ஏதோ தெரிந்தது. முடிவெடுக்கிற வேலை மிச்சம் என்ற நிம்மதி. அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 25, புதன்

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். இருபத்தெட்டு நிமிஷம் இசை கேட்டேன். கடைசியில் ஒருத்தர் வந்து, "மறுபரிசீலனை கேட்கலாம், முப்பது நாளைக்குள்ள" என்றார். எந்த விதிப்படி கேட்பது? "வழிகாட்டி நூல் இருக்கு மேடம், வெப்சைட்ல." எத்தனை பக்கம்? "நான் படிச்சதில்ல மேடம்." உண்மையைச் சொன்ன முதல் ஆள்.

மார்ச் 29, ஞாயிறு

நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு வாடிக்கையாளரின் டேப்லெட்டுக்கு நேற்று புதுக் கண்ணாடி போட்டிருந்தேன். தொடுதிரை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும் இல்லையா? நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அதில்தான் சோதித்தேன்.

இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, எந்த வேலைக்கு உதவி கேட்கிறோமோ அந்த வேலை நடக்கிற நேரத்திலேயே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இன்னொன்று, குடும்பத்தார் செய்கிற உதவியைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் தொடர்ந்து செய்ய விருப்பமும் உடல்நிலையும் உள்ளவர்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டார்களா? தங்கச்சியைப் பார்த்து அந்த அலுவலரம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ வாங்கிக் குடித்தார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு டாக்டர் சீட்டு இருக்கிறது. தங்கச்சிக்குச் சீட்டு கிடையாது. அவளே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: இனி நான் செய்ய மாட்டேன்.

மார்ச் 30, திங்கள்

சொன்னேன். வீடு இரண்டானது.

"அக்காவைத் தூக்க மாட்டேன்னு நான் எழுதித் தரணுமா? என்ன பேச்சுக்கா இது?" தங்கச்சி.

"கூடப் பொறந்தவ அப்படி எழுதினா பாக்கறவங்க காறித் துப்ப மாட்டாங்களா?" அம்மா.

பாக்கறவங்க யாராவது வந்து ஒருநாள் என்னைத் தூக்கியிருக்காங்களா? கேட்டேன். மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் என் மூலைக்குப் போக அவள்தான் நாற்காலியைத் தள்ளினாள், அதுதான் பெரிய கூத்து.

ஏப்ரல் 4, சனி

ஐந்து நாளாகக் கெஞ்சுகிறேன். வேலை வேண்டாம் என்று மெயில் அடித்து வைத்திருக்கிறாள். அனுப்பவில்லை. அவளுடைய போன் பாஸ்வேர்டை நான் அறிவேன் என்பதை மறந்துவிட்டாள். போன் ரிப்பேர்காரி வீட்டில் ரகசியமா?

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று நான் எழுந்திருக்கவில்லை.

ஆறரைக்கு வந்து கைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். விளையாடாதேக்கா என்றாள். விளையாடல, தொடாதே, கடிதம் எழுதற வரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு நான் இறங்கறதா இல்ல.

எட்டு மணிக்கு முதல் வாடிக்கையாளர் மணி அடித்தார். ஒன்பதுக்கு இரண்டு பேர். அம்மா வாசலுக்கும் அறைக்கும் நடக்கிறாள். "பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமா!" பத்து மணிக்கு விரிப்பு நனைந்துவிட்டது. நான் அசையவில்லை. அசையவும் முடியாது, அது வேறு விஷயம். அவமானமாக இருந்ததா? இருந்தது. ஆனால் இந்த அவமானம் நானாகத் தேர்ந்தெடுத்தது.

பதினொன்றரைக்கு அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள்.

"உன்னை விட்டுட்டுப் போறேன்னு எழுதச் சொல்றியே."

"விட்டுட்டுப் போறேன்னு எழுத வேணாம். நீ தூக்கறவரைக்கும் அவங்க ஆள் அனுப்ப மாட்டாங்கடி. அதை மட்டும் புரிஞ்சுக்க."

கட்டில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம், "எழுதிட்டா அது உண்மைன்னு ஆயிடும்கா" என்றாள்.

"உண்மை இல்லையா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "முடியலக்கா. நிஜமாவே முடியல. ரெண்டு வருஷமா முடியல."

வலித்தது. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி வலித்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்: அதைத்தான் எழுதுடி, வேற ஒண்ணும் வேணாம். நானும் அழுதேன். அப்புறம் அவள் என்னைத் தூக்கினாள், விரிப்பை மாற்றினாள். கடை பன்னிரண்டரைக்குத் திறந்தது.

ஏப்ரல் 8, புதன்

அவள் எழுதியது நாலு வரி. "என் அக்காவை நான் ஆறு வருடமாகக் கவனித்து வருகிறேன். ஜூன் மாதம் முதல் என்னால் இயலாது. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நான் போக விரும்புகிறேன்."

கடைசி வரியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

நேரிலேயே போய்க் கொடுத்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஜன்னல் என் தலைக்கு மேலே இருக்கிறது. உள்ளே இருக்கிற எழுத்தருக்கு என் தலைமுடி மட்டும்தான் தெரியும். பேப்பரை மேலே நீட்டினேன்.

"வீட்ல ஆள் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க. அதுக்காக ரெண்டு வேலையை விட்டிருக்காங்க. அதை எந்தக் கட்டத்துல எழுதணும் சார்?"

எழுந்து எட்டிப் பார்த்தார். முத்திரை போட்ட ரசீது கேட்டேன். தபாலில் வரும் என்றார். வழிகாட்டி நூல், பதினெட்டாம் பக்கம், ரசீது உடனே தரப்பட வேண்டும் என்றேன். முத்திரை குத்தினார். அவ்வளவு அழுத்தமாக யாரும் குத்தி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

பதில் வந்தது. மே ஐந்து, காலை ஆறரை மணிக்கு நேரில் பார்க்க வருகிறார்கள். தேதி தங்கச்சிக்குச் சரிப்படுமா என்று அவளையே போனில் கேட்டார்கள்.

மே 5, செவ்வாய்

அதே பச்சைக் கோப்பு. கொட்டாவியோடு வந்தார்.

இந்த முறை எதையும் எடுத்து ஒளிக்கக் கூடாது என்று அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். விரிப்பையாவது மாத்தறேன் என்றாள். அதுவும் கூடாது. பாவம், சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

தங்கச்சியைச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கயிற்றைப் பிடித்து எழப் பார்த்தேன். இடது கையால் பாதி தூரம். தோள் பிடித்துக்கொண்டது. திரும்ப விழுந்தேன். இன்னொரு தடவை. சிறுநீர் டியூப் விலகி விரிப்பு நனைந்தது. வாடை. அலுவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க மேடம். பார்க்கத்தானே வந்தீங்க."

திரும்பினார். அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவில்லை, அதற்காக அவரை மெச்ச வேண்டும். இருபத்தைந்து நிமிஷம் ஆனது நான் உட்கார, உட்கார்ந்தும் நாற்காலிக்குப் போக முடியவில்லை. தங்கச்சியின் கை இரண்டு தடவை தானாக நீண்டது. முறைத்தேன், மடக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கே ஏன் இதைச் சொல்லல நீங்க?" அலுவலர் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க விருந்தாளி. இன்னைக்குத்தான் அலுவலர்."

அவர் அதை எழுதிக்கொண்டாரா தெரியாது. கடிதத்தைக் காட்டித் தங்கச்சியிடம், "இது நீங்களே எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

மே 20, புதன்

காலை இரண்டு மணி நேரம். மாலை ஒரு மணி நேரம். இருபத்தைந்தாம் தேதியிலிருந்து. எழுத்தில், முத்திரையோடு!

அம்மா கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். நான் கேட்டது நாலு மணி நேரம். "இரவில் புரட்டிப் படுக்க வைத்தல்: தேவையில்லை" என்று போட்டிருக்கிறார்கள். ஆபீஸ் மூடியதும் என் உடம்பு தானாகப் புரண்டு படுத்துக்கொள்ளும் போல. மேல்முறையீட்டுப் படிவத்தை இன்றே நிரப்பிவிட்டேன். வழிகாட்டி நூலில் எண்பத்தாறாம் பக்கத்திலிருந்து எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மே 25, திங்கள்

உதவியாளர் வந்தார். கனத்த தோள், சின்னக் குரல். முன்பின் தெரியாத கை என்னைக் குளிப்பாட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. உடம்பெல்லாம் கூசியது. என்னை மேடம் என்றார். அப்படிக் கூப்பிடாதீங்க என்று எரிந்து விழுந்தேன். "நீங்க முதல்ல தண்ணி சூடு போதுமான்னு சொல்லுங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்றார். இந்த அம்மாவோடு காலம் தள்ளலாம் என்று தோன்றுகிறது.

வழுக்கு விரிப்பு ஒன்று கொண்டுவந்திருக்கிறார். அதை இழுத்தால் தூக்காமலே என்னைப் புரட்டலாம். ராத்திரிக்காக அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மே 30, சனி

போய்விட்டாள். வாசலில் நின்று, "மாத்திரை, டியூப், தோளுக்கு எண்ணெய்..." என்று பாட்டு மாதிரி ஆரம்பித்தாள். ரயிலு போயிடும் போடி என்றேன்.

ஜூன் 7, ஞாயிறு

தினமும் காலை ஆறரைக்குப் போன் செய்து, எழுந்தாச்சா, யார் தூக்கினா, ஒழுங்காத் தூக்கினாங்களா என்று விசாரிப்பாள். இன்று செய்யவில்லை. எட்டு மணிக்கு நான் செய்தேன், எடுக்கவில்லை. ஒன்பது. பத்து. அம்மா ரயில்வே அட்டவணையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

பதினொன்று ஐந்துக்கு எடுத்தாள். குரல் கரகரத்தது. "தூங்கிட்டேன்கா." ஏதோ தப்புத்தண்டா பண்ணிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி சொன்னாள். "இவ்வளவு நேரமா?" "ஆமா. இப்பதான் கண்ணு முழிச்சேன். திட்டாதேக்கா."

எனக்குத் திட்டத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்குடி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். "என்ன ஆச்சு அவளுக்கு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. அவளுக்கு இன்னைக்கு லீவும்மா."