கத்தரிக்கோல் பட்ட பயறு

இன்று காலை வகுப்பறை அலமாரியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ஈரப் பஞ்சில் பச்சைப் பயறை வைத்து நாலு நாள் மூடிவிட்டால் வருமே, அதே புளித்த வாடை. பெருக்க வந்த ஆயா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா மிஸ், உள்ள எலி எதுனா செத்துக் கீதா?" என்றாள்.

"எலி இல்லம்மா, சயின்ஸ்" என்றேன்.

அது உன் பதில். வருஷா வருஷம் பக்கத்து வகுப்பிலிருந்து நீ சொல்வாய், நான் இங்கிருந்து சிரிப்பேன். இந்த முறை பதிலும் நானே சொல்லி, சிரிக்க ஆளில்லாமல் அலமாரியைச் சாத்தினேன்.

நீ போய் எட்டு மாதமாகிறது. கோபாலபுரத்தின் இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் உன் பி செக்‌ஷனுக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். நல்லவள்தான். உன் நாற்காலியில் உட்கார்கிறாள் என்பதற்காக முதல் ஒரு வாரம் அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெரிந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாய்.

நான் தமிழ் படித்தவள். ஆள் இல்லை என்று மூன்றாம் வகுப்பு அறிவியலையும் என் தலையில் கட்டியபோது, பாடப்புத்தகத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வகுப்புக்குப் போனேன். சாந்தோமில் காலைப் பூசை முடித்து நேராகப் பள்ளிக்கு வருகிற நீ, நான் வராந்தாவில் நின்று முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டாய். "தமிழம்மா, பரீட்சை உனக்கா, அதுங்களுக்கா? எட்டு வயசுப் பசங்களுக்கு நம்மளவிட நாலு விஷயம் கூடவே தெரியும். கேட்டு வாங்கிக்கோ" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. உனக்கென்ன, நீ விலங்கியல் படித்தவள், பேசுவாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த முதல் வருஷம்தான் பயறு விவகாரம். செடி வளர வெளிச்சம் வேண்டும் என்பது பாடம். பாதி டம்ளர்களை ஜன்னலிலும் பாதியை அலமாரிக்குள்ளும் வைக்கச் சொன்னாய். இரண்டு வகுப்பிலும் வைத்தோம். ஐந்தாம் நாள் மாலை திறந்து பார்த்தேன். ஜன்னல் பயறு பச்சையாய், குட்டையாய் இருந்தது. இருட்டில் இருந்தவை வெளுத்துப்போய், ஆனால் அதைவிட இரண்டு பங்கு உயரமாக நெடுநெடுவென்று நின்றன. மறுநாள் பெற்றோர் பார்க்க வரும் நாள். பாடம் ஒன்று சொல்ல, பயறு வேறொன்று சொன்னால் என் மானம் என்னாவது? பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, கைவேலைக்கு வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். இருட்டுப் பயறுகளை ஒன்று விடாமல் பாதியாக நறுக்கிவிட்டு, நிம்மதியாக அசோக் நகர் பஸ் ஏறினேன்.

மறுநாள் அத்தனை பெற்றோர் முன்னால் முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களின் மகள். "மிஸ், இதுக்கெல்லாம் தலையைக் காணோம். நேத்து மதியம் நான் பார்த்தப்போ இருந்துச்சு" என்றாள்.

"இருட்டுல இப்படித்தான் ஆகும். உனக்குச் சரியா ஞாபகமில்ல, உட்காரு" என்றேன்.

"மிஸ்ஸுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? சும்மா இரு" என்று அவள் அம்மாவும் அதட்டினாள். அந்தப் பெண் தன் டம்ளரை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் கையைத் தூக்கவே இல்லை.

மதிய இடைவேளையில் அவள் உன் வகுப்புக்குப் போய் உன் அலமாரி முன்னால் நின்றிருக்கிறாள். "உங்க பயறுக்கு மட்டும் தலை இருக்கே மிஸ்?" என்று கேட்டாளாம். நீ அவளுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. மூன்றரை மணிக்கு என் வகுப்புக்கு வந்து கதவைச் சாத்தினாய்.

"கத்தரிக்கோல் எங்க?"

நான் பாடத்தைச் சொன்னேன், பெற்றோரைச் சொன்னேன், என் மானத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய்.

"பாடம் எங்கயும் ஓடிடாது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பயறே அதைச் சொல்லியிருக்கும். வெளிச்சத்தைத் தேடி அது உயரமா ஓடுது, உள்ள இருக்கிற சாப்பாடு தீர்ந்ததும் விழுந்துடும். அது பரவாயில்ல, வேற பயறு போட்டுக்கலாம். அந்தப் பொண்ணு தன் கண்ணால பார்த்ததைத் தப்புன்னு நினைச்சுட்டுப் போறாளே, அவளை என்ன செய்யப்போற?"

நான் அழுதேன். நீ கர்ச்சீப்பை நீட்டினாய். "நாளைக்கு நீயே சொல்லிடு. நான் கதவுக்கு வெளியில நிக்கிறேன்" என்றாய்.

நின்றாய். உன் வகுப்பை ஆயாவிடம் விட்டுவிட்டு, பேச்சுக்குச் சொன்னதில்லை என்று நிரூபிப்பதுபோல வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாய். நான் முப்பது பிள்ளைகள் முன்னால், "பயறை வெட்டினது நான்தான். அவள் சொன்னதுதான் சரி. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அந்தப் பெண் மெதுவாக எழுந்து, "அப்போ நான் பார்த்தது நிஜமா மிஸ்?" என்றாள். "நிஜம்" என்றேன்.

அடுத்த நாள் அவள் கடையிலிருந்து ஒரு சிவப்பு நூல்கண்டு கொண்டுவந்தாள். "இனிமே தினம் செடி உயரத்துக்கு நூல் வெட்டி நோட்டுல ஒட்டிக்கலாம் மிஸ். யாராவது வெட்டினா தெரிஞ்சிடும்" என்றாள். யாராவது என்று என்னைத்தான் சொன்னாள்! நீ உன் இருட்டு டம்ளர்களில் பாதியை எங்களுக்குத் தந்தாய். நூல் நாளுக்கு நாள் நீண்டது. அடுத்த வாரம் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து விழுந்தபோது, பிள்ளைகள் ஒட்டின நூல்களைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்லை.

அன்றிலிருந்து நம் மூன்றாம் வகுப்பில் பயறு போட்டால் நூல் உண்டு. போன வருஷம் பயறு போட்ட வாரமே நீ படுக்கையில் விழுந்தபோது நான் வந்தேன், நினைவிருக்கிறதா? நான் ஆரஞ்சுப் பழம் நீட்ட, நீ "நூல் எங்க?" என்றாய். பர்ஸிலிருந்து எடுத்துத் தந்தேன். கையை விரித்து வைத்து அளந்து, "ஒரு சாணுக்கு மேல. நல்ல இருட்டு போல" என்று சிரித்தாய். அதற்கு மேல் பேச உன்னால் முடியவில்லை.

பயறு போடும் முதல் நாள், நான் வெட்டிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது என் வழக்கம். சொல்லும்போது கதவைப் பார்ப்பேன், நீ அந்தப் பக்கம் ஏதாவது சாக்கில் நடந்து போவாய். இந்த வருஷம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். வெறும் வராந்தாவைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே பெரிய உதவி நீ அன்று அங்கே நின்றதுதான். அதற்கு உன்னிடம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கிண்டல் செய்திருப்பாய்.

இன்று வகுப்பு தொடங்கி மறுபடி அலமாரியைத் திறக்கப் போனபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து என் கைகளை விரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கைப்பையையும் திறக்கச் சொன்னாள். திறந்தேன். உள்ளே நூல்கண்டு மட்டும்தான் இருந்தது.

"சரி மிஸ், இப்போ நீங்க பார்க்கலாம்" என்று வழிவிட்டாள்.