கொடியில் ஒரு பச்சைச் சேலை

ஏனுங்க,

பொள்ளாச்சியில தங்கச்சி ஊட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பிட்டேன். நாளைக்குத்தான் வருவேன். ரசம் அடுப்பு மேல இருக்குது, சோறு மட்டும் வெச்சுக்குங்க. மோட்டார் ரூம் சாவி ஆணியில தொங்குது.

"இந்த மாட்டைக் கட்டியழுதுட்டு ஒரு நாள் வெளியூர்ல தங்க முடியுதா, வித்துப்போடுங்க"ன்னு நேத்துக் கத்துனது நான்தான். அதுக்குன்னு இன்னைக்கே யாவாரியை வரச் சொல்லுவீங்களா?

என் கைப்பையைப் பாத்ததும் செவலை ஒரு கத்து கத்துச்சு. பாதித் தடம் போயிட்டுத் திரும்பி வந்துதான் இதை எழுதறேன்.

சாயங்காலம் நீங்க கறக்கறப்ப, கொடியில கெடக்கற என் பச்சைச் சேலையைப் போர்த்திக்குங்க. நான்தான்னு நெனச்சு நிக்கும், இல்லீன்னா உதைக்கும்.

மைதிலி

பி.கு.: யாவாரி கறந்து பாக்கணும்னா தாராளமாப் பாக்கட்டும். சேலை விசயத்தை மட்டும் அவர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க.