சட்டசபைக்காரரின் தமையன் பிள்ளை

சித்தப்பா,

அலுமாரியின் மேல்தட்டை ஒதுக்கும்போது நீங்கள் பென்சிலால் கீறிய நீளக் கடதாசிச் சுருள் தலையில் விழுந்தது. விரித்துப் பார்த்தேன். பழைய நியூயோர்க் சட்டசபையில் இருந்த ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை. ஒரு பெயரை மட்டும் அழித்து அழித்துக் கடதாசியே தேய்ந்திருக்கிறது. அதைக் கண்டதும் ஒதுக்கும் வேலையை விட்டுவிட்டு இதை எழுத இருந்துவிட்டேன்.

ஊரில் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்த உங்களுக்கு மொன்றியலில் மனசுக்குப் பிடித்து அமைந்த வேலை அது ஒன்றுதான்: பழைய குடும்பங்களின் வம்சம் தேடிக் கொடுக்கும் ஒரு சின்னக் கந்தோரில், அலுவலகத்தில், பதிவு தேடும் வேலை. நகரின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த பிரெஞ்சுக்கார மதாம் ஒருவர் தன் குடும்பத்தைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். அமெரிக்கா பிரிந்தபோது அரசர் பக்கம் நின்று, மகனோடு மொன்றியலுக்கு ஓடிவந்த சட்டசபைக்காரர்தான் அவருடைய மூதாதை. அந்த மகனின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் பிடித்தீர்கள். தகப்பன் பெயர் சட்டசபைக்காரருடையது அல்ல. எதிர்ப்பக்கம் நின்று போரில் செத்த அவருடைய தமையனின் பெயர். தமையன் பிள்ளையைத் தன் மகன் என்று எழுதித்தான் மனிதர், அரசர் பக்கம் நின்றவர்களுக்கு அரசு கொடுத்த காணியை இங்கே கேட்டிருக்கிறார்.

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. செத்துப்போன தமையனின் பிள்ளையை மகள் என்று படிவத்தில் எழுதித்தானே நீங்களும் என்னைக் கொண்டுவந்தீர்கள்? மதாமின் வேலை வந்தது இரண்டாயிரத்து நாலில். எனக்குப் பதினேழு வயது, குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அப்பாவின் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதேயில்லை.

மதாமுக்கு ஆங்கிலம் வராது, உங்களுக்குப் பிரெஞ்சு வராது. வழமைபோல நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். மதாம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வழிநெடுகக் கெஞ்சினேன்.

“அவையின்ரை வீட்டுக் கதை எங்களுக்கு என்னத்துக்கு, சித்தப்பா? மகன் எண்டே எழுதிவிடுங்கோவன்.”

“கையெழுத்து வைக்கிறது நான், பிள்ளை.”

பதிவில் இருந்ததை நான் சொன்னதும் மதாம் முகம் சிவந்தார். யாரோ பிழையாக எழுதியிருப்பார்கள், எந்த மனிதன் இப்படிப் பொய் எழுதுவான் என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

“நானும் இப்பிடித்தான் எழுதினனான், இவள் என்ரை அண்ணன்ரை பிள்ளை எண்டு சொல்லு.”

நான் சொல்லவில்லை. பதிவில்தான் பிழை, அது மகனேதான் என்று ‘அப்பா’ ஒத்துக்கொள்கிறார் என்றேன்; வெளியாருக்கு உங்களை அப்படித்தானே சொல்வது. மதாம் சிரித்துக்கொண்டு கேக் வெட்டினார். அந்தக் கேக்கைக் கண்டதுமே நான் மாற்றிச் சொன்னது உங்களுக்கு விளங்கிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில், “நீ பயந்ததிலை பிழையில்லை. ஆனா அந்தத் தகப்பனை இன்னொருக்காச் சாக்காட்டிப்போட்டாய்” என்றீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. செத்தவருக்காக உயிரோடு இருக்கிற என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மதாம் வீட்டுக்குப் போக நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. தனியே சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டு நின்றீர்கள். பிரெஞ்சு தெரியாமல் அங்கே போய் என்ன செய்வீர்கள்? நானாகவே கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

அப்பாவின் பெயரை இந்த நாட்டில் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த மதாமின் வீட்டில்தான். பதிவு சரிதான், நான்தான் பொய் சொன்னேன், இவர் என் சித்தப்பா என்பதையும் சொன்னேன். மதாம் “மெர்சி”, நன்றி என்று மட்டும் சொல்லி வாசல்கதவைத் திறந்துவிட்டார்.

கந்தோர் அதன்பிறகு உங்களைக் கூப்பிடவில்லை. மதாம் வேறொருவரைப் பிடித்து, மகன் என்றே புத்தகம் போட்டார். “அது அவவின்ரை பாடு” என்று நீங்கள் சிரித்தீர்கள். நானோ திருப்பி அனுப்பும் கடிதம் வருமென்று மாதக்கணக்காகத் தபால்பெட்டியை முதலில் ஓடிப்போய்த் திறந்தேன். நல்லவேளை, மதாம் எங்களைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

என் குடியுரிமை வரும்வரை நீங்கள் பொறுக்கவில்லை. அந்தக் கார்த்திகையே, நவம்பரில், எங்கள் தேவாலயத்து மரித்தோர் பூசைக்கு அப்பாவின் பெயரை என் தகப்பன் என்று எழுதிக் கொடுத்தீர்கள். சுவாமியார் சனத்துக்கு முன்னால் அதை வாசித்தபோது நான் வாய்விட்டு அழுதேன். உங்கள் மேல் இருந்த கோபமும் அன்றோடு போயிற்று.

நீங்களும் அப்பாவிடம் போனபிறகு, கார்த்திகை வந்தால் துண்டில் இரண்டு பெயர் எழுதிக் கொடுக்கிறேன். போன வருஷம் புதிதாக வந்த சுவாமியார் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, ரண்டு பேருக்கு நேரையும் தகப்பன் எண்டு கிடக்கு. ஒண்டு பிழையோ?”

“இல்லை சுவாமி. ரண்டும் சரி. அப்பிடியே வாசியுங்கோ.”