டாக்டரம்மாவின் முத்திரை

வாத்தியாரே,

சட்டசபைக்குக் கிளம்பிவிட்டேன். சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். என் மேலுள்ள கோபத்தைச் சாப்பாட்டின்மேல் காட்டாதீர்கள்.

பத்து மணிக்குக் கட்சிச் செயலாளர் என் டாக்டர் முத்திரையை வாங்க வருவார். தலைவருக்கு நெஞ்சுவலி, கோர்ட்டுக்கு வர முடியாது என்று நான் சான்றிதழ் தர வேண்டுமாம். நேற்றுகூட அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். மறுத்துப் பார்த்தேன். "பின்னே, டாக்டரம்மாவுக்கு சீட்டு எதுக்குக் கொடுத்தோமாம்?" என்று செயலாளர் சிரிக்கிறார்.

"கிளினிக்கை விட்டுட்டு எலெக்‌ஷன்ல நிக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று நீங்கள் கத்தியது நியாயம்தான்.

முத்திரையை உங்கள் பைக்குள் போட்டிருக்கிறேன். அவர் வருவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுங்கள்.

பி.கு: அதை எங்கே ஒளித்தீர்கள் என்று என்னிடமும் சொல்லாதீர்கள். சாயங்காலம் நான் அழுது கேட்டாலும் தராதீர்கள். கையில் கிடைத்தால் குத்திக் கொடுத்துவிடுவேன்.