ஒன்பதுக்கு ஏறி இரண்டுக்கு இறங்கும் பயணம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவர் வாய் அதைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள்தானே. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விமான டிக்கெட்டைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலை ஒன்பதுக்கு இங்கே ஏறினால் அன்றைக்கே மதியம் இரண்டுக்கு அங்கே இறக்கிவிடுவான், மொத்தமே ஐந்து மணி நேரம்தான் என்று தெருவெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார். நீ முதன்முதலில் போனபோது ரொம்ப நேரம் ஆயிற்றே என்று நான் இழுத்தேன். "இப்பல்லாம் வேகத்தைக் கூட்டிட்டான்டி, உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்" என்று என் வாயை அடைத்துவிட்டார். லாரி ஓட்டியே தலை நரைத்த மனுஷன், சரியாகத்தான் சொல்வார் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தாலே அவருக்கு வியர்த்துக் கொட்டும் என்பது உனக்குத் தெரியாததா. உன் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போகும் வழியில் கார் டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, புதுச் சட்டையோடு தானே ஓட்டிக்கொண்டு வந்ததை உன் மாமியார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அப்படிப்பட்டவர் வர ஒப்புக்கொண்டதே அந்த ஐந்து மணி நேரத்தை நம்பித்தான்.

போன வாரம் மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரர் குட்டை உடைத்துவிட்டார். உங்கள் ஊர்க் கடிகாரம் சுமார் பத்து மணி நேரம் பின்னால் ஓடுகிறதாம், உட்கார வேண்டியது கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரமாம். அப்பா முகம் தொங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து தன் சட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். "நீ போயிட்டு வா, குழந்தையத்தான் போன்ல பாக்கறேனே" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. குழந்தைக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு தடவைகூட அவர் மடியில் உட்காரவில்லையே. அதற்கப்புறம் அவரிடம் நான் முகம் கொடுத்தே பேசவில்லை. முந்தாநாள் காலையில் பார்த்தால் ஆளைக் காணோம். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் சட்டையெல்லாம் கசங்கி, ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறார். என்ன செய்திருக்கிறார் தெரியுமா? வெளியூர் பஸ்ஸில் ஏறி, டிரைவர் தலையே தெரியாத கடைசி வரிசையில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். வளைவு வரும்போதெல்லாம் பிரேக் போடுகிறேன் என்று முன் சீட்டை உதைத்ததில் அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர் சண்டைக்கே வந்துவிட்டாராம். "ஆனா இறங்கலடி, எங்கயும் இறங்கல" என்று சொல்லிக்கொண்டே சட்டைகளை மறுபடி பெட்டியில் அடுக்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போனேன், அங்கே போனதும் அழுதுவிட்டேன்.

நாங்கள் வருகிறோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. குழந்தைக்குக் கவுன் தைத்திருக்கிறேன், வளர்கிற பிள்ளை என்று கொஞ்சம் தொளதொளப்பாகவே விட்டிருக்கிறேன். விமானி அறைக்கதவை இவர் தட்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் வேண்டாம், மாப்பிள்ளையும் ஓட்ட வேண்டாம், நீதான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும், இது அப்பா உத்தரவு. மகள் வண்டியிலும் சீட்டை உதைப்பீர்களா என்று நேற்று கேட்டேன். "அவ ஓட்டினா நான் ஏன்டி உதைக்கப்போறேன், பின்னாடி சாஞ்சு நிம்மதியா தூங்குவேன்" என்றார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா