நாணை விடாத விரல்களும் என் ஆங்கிலமும்

யெச்சொன்
ஜூன் மாதம், மழைக்கு முன்

அன்பு மகள் சொராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், மனசளவில் நான் எப்படி இருக்கிறேன் என்பதை இதைப் படித்து நீயே தெரிந்துகொள். மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டதாமே, நீயும் மாப்பிள்ளையும் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போங்கள். போனில் என் ஆங்கிலப் பரீட்சையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தைப் பார்த்து நீ சிரித்தால் எனக்குக் கேட்காது பார்.

வில்வித்தைச் சங்கத்தில் புது விதி போட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, வெளிநாட்டுப் போட்டியில் வீரருக்குப் பின்னால் நிற்கிற பயிற்சியாளர் விளையாட்டு உளவியல் படித்துத் தேறியிருக்க வேண்டுமாம், அதுவும் ஆங்கிலத்தில். தேறாதவர் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொள்ளலாம். நம் நகராட்சி அணியில் இருக்கும் உன்சில் இலையுதிர் காலத்து ஆசியப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். "பின்னால நீங்க நிக்கலேன்னா முதுகுல காத்தடிக்கிற மாதிரி இருக்கு ஐயா" என்று அவள் ஒருமுறை சொன்னாள், அந்த ஒரு வார்த்தைக்காக இந்த வயதில் பை தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். நீயோ, "எதுக்குப்பா இந்தக் கஷ்டம், போன்லயே மொழிபெயர்ப்பு வந்துடுதே" என்றாய். போனை வாயில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுத முடியுமா?

சொல்லிக்கொடுப்பவர் ஒக் டீச்சர், உன் வயதுதான் இருக்கும், வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர். முதல் நாளே, "உளவியலையும் ஆங்கிலத்தையும் ஒரே கரண்டியில ஊட்டப்போறேன், துப்பாம முழுங்குங்க" என்றார். எனக்கு இரண்டுமே இறங்கவில்லை. பதற்றம், கவனம், தன்னம்பிக்கை எல்லாம் நான் மைதானத்தில் தினமும் பார்க்கிற சங்கதிகள்தானே, ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால் ஒருத்தனையும் அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் டீச்சர் என்னைப் பார்த்து, முக்கியமான நேரத்தில் வீரர் 'சோக்' ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்தச் சொல்லை நான் அகராதியில் பார்த்து வைத்திருந்தேன், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்வது. எழுந்து நின்று, முதுகில் ஓங்கித் தட்டுவேன் என்று ஆங்கிலத்தில் கம்பீரமாகச் சொன்னேன். வகுப்பே சிரித்து உருண்டு புரண்டது. கூடப் படிக்கிற மல்யுத்தப் பயிற்சியாளர் பாங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, தொண்டையில எலும்பு மாட்டல, மனசு மாட்டிக்கிச்சு" என்றான். நன்றாகத் தெரிந்த ஆட்டத்தைப் பதற்றத்தில் கெடுத்துக்கொள்வதற்கு அந்த மொழியில் அப்படி ஒரு பெயராம். வேறு பெயரே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், உன் அம்மா சூப் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "என்னங்க, முள்ளு இருக்கிற மீனு, வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க, இல்லேன்னா நான் தட்ட வேண்டியிருக்கும்" என்றாள். அவளும் சிரிப்புதான்.

முதல் பரீட்சையில் நான் தோற்றது உனக்குத் தெரியும், எப்படித் தோற்றேன் என்று தெரியாது. பதில்களை எல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், கணினித் திரையில் வந்து பரீட்சை வைத்த வெள்ளைக்காரர் கேள்விகளை அந்த வரிசையில் கேட்கவில்லை. பதற்றத்தின் அறிகுறிகளைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, முழங்கால் மேசையை ஆட்டியது. அத்தனை அறிகுறியையும் அவர் கண்ணுக்கு நேரே காட்டிக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நன்றி என்று மட்டும் சொன்னேன். எத்தனை பேரை வில்லோடு மேடையேற்றியவன் நான், ஒரு மேசைக்கு முன்னால் இப்படிக் கல்லாய்ப் போனேனே என்று வண்டி ஓட்டி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் தடவைக்குப் பயிற்சியாளர் தன் வீரர் ஒருவரையே அழைத்து வந்து டீச்சர் முன்னால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும் என்றார்கள். உன்சிலைக் கேட்டேன், சரி என்றாள். பயிற்சி முடிந்ததும் மைதானத்து பெஞ்சில் பார்லி டீயை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருவோம், அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே லட்சணம். அந்த நாட்களில் அவள் அம்பு சரியாகப் போகவில்லை சொரா. முழுக்க இழுத்ததும் வில்லில் இருக்கிற தகடு 'டிக்' என்று சொல்லும், சொன்னதும் விரல்கள் நாணை விட வேண்டும், இவளுக்கு விடவில்லை. இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி இழுப்பாள். அந்த வியாதியின் பெயரை மைதானத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். நான் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன் ஐயா, நீங்க கவலைப்படாதீங்க" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போவாள், நானும் நம்பிக்கொண்டேன்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்து புத்தகத்தில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆர் யூ அஃப்ரெய்ட் என்று ஒரு கேள்வி. எஸ் என்றாள், வெரி என்றாள். நன்றாக நடிக்கிறாளே என்று அடுத்த கேள்விக்குப் போனேன், உனக்கு என்ன வேண்டும் என்பது அது. அவள் டீ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, ஐ வான்ட் ஸ்டாப் என்றாள். நான் உடனே விரலை ஆட்டி, தப்பு, நடுவில் ஒரு 'டு' வரணும், ஐ வான்ட் டு ஸ்டாப், எங்கே சொல்லு என்றேன். அந்தப் பெண் அதையும் திருத்திச் சொன்னாள். ஐ வான்ட் டு ஸ்டாப். சொல்லும்போது கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் மொழியில் பெரியவர்களிடம் பேசினால் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு வணக்கம் வைக்க வேண்டும், அந்த வணக்கத்துக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். ஆங்கிலத்தில் எங்கள் இருவருக்கும் தெரிந்த சொற்கள் ஒளிப்பதற்குப் போதவில்லை. ராத்திரியில் தூங்கி மாதங்கள் ஆகிறதாம், கண்ணை மூடினால் 'டிக்' என்று கேட்கிறதாம். அதற்குமேல் நம் மொழியிலேயே அழுதுகொண்டு சொன்னாள்.

போட்டியிலிருந்தும் அணியிலிருந்தும் அவள் தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருட உழைப்பு, கைக்கு வந்த ஆசியப் போட்டி, ஒரு 'டிக்'குக்காக விடுவதா என்று வீட்டில் கத்தினேன். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அவ என்ன உங்க வில்லா, எடுத்து மாட்டி வெச்சுக்கிறதுக்கு?" என்றாள்.

என் பரீட்சையை எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன், உன்சில்தான் அணியில் இல்லாதபோதும் கையில் மஞ்சள் முலாம்பழப் பையோடு கல்லூரி வாசலில் வந்து நின்றாள். "நான் வராட்டி யார்கிட்ட பேசிக் காட்டுவீங்க, பாங் அண்ணன்கிட்டயா?" என்றாள். டீச்சர் முன்னால் உட்கார்ந்தோம். மனப்பாடம் செய்தது எதுவும் ஞாபகம் வரவில்லை, தெரிந்ததைக் கேட்டேன். தூக்கம் வருகிறதா என்றேன், வருகிறது என்றாள். சாப்பிடுகிறாயா என்றேன், நிறைய என்றாள், சிரித்தாள். ஒக் டீச்சர் தாளில் மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். தேறிவிட்டேன். சங்கத்திலிருந்து வாழ்த்து வந்திருக்கிறது, இலையுதிர் காலத்தில் வேறொரு பெண்ணுக்குப் பின்னால் போய் நிற்பேன். பாங் விருந்து கேட்கிறான், எனக்கு மனசே இல்லை. யாருக்காகப் படித்தேனோ அவள் முதுகு அங்கே இருக்காது, அந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் போனில் நீ, "நல்லா இருக்கேன்பா, அங்க எல்லாரும் சௌக்கியமா" என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். போன மாதம் உன் குரல் கம்மியிருந்தது, சளி என்றாய். வரும் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஆங்கிலத்தில் பேசு. மெதுவாகப் பேசு, சின்னச் சின்னச் சொல்லாகப் பேசு, எனக்கு இப்போது புரியும்.

கடவுள் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். அம்மா அனுப்பிய மிளகாய்த் தூளை ஃபிரிட்ஜில் வை, வெளியே வைத்தால் வண்டு விழும். ஞாயிற்றுக்கிழமை போனை அம்மா எடுக்க மாட்டாள், நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தாக் பியோங்ஹு